செஞ்சிக்கோட்டை போறவங்க சுவரை விட்டுட்டு தண்ணியைப் பாருங்க

கேள்வி (பாளையங்கோட்டையில இருந்து ஒருத்தர்): பொங்கல் லீவுக்கு குடும்பத்தோட செஞ்சிக்கோட்டை போலாம்னு ஒரு பிளான். யுனெஸ்கோ லிஸ்ட்ல வந்துட்டுன்னு எல்லாரும் சொல்லுதாங்க. ஆனா ஏற்கனவே போயிட்டு வந்த எங்க மச்சான், "இடிஞ்ச சுவரும் கொரங்கும்தாம்லே இருக்கு, அதுக்கு குத்தாலத்துல போயி ஒரு குளியல் போட்டுட்டு வரலாம்"ங்கான். இவ்ளோ தூரம் போறது வொர்த்தா? அப்பாவும் கூட வாராங்க, மூட்டு வலி உண்டு.

28.12.2025, ராத்திரி

போங்க. மச்சான் சொன்னதுல கொரங்கு மட்டும் கரெக்ட்.

மொதல்ல அப்பா விசயம். ராஜகிரி உச்சி சுமார் 800 அடி உசரம், படி ஆயிரத்துக்கும் மேல, அதுவும் ஒண்ணு போல ஒண்ணு இருக்காது, சில எடத்துல காலை நல்லா தூக்கி வச்சி ஏறணும். மூட்டு வலிக்காரங்களை அதுல ஏத்துறது பாவம். "பழனியே ஏறிருக்கேன்"னு சொல்லுவாங்க, நம்பிராதீங்க. எங்க மாமாவும் அதையேதான் சொன்னாங்க, பாதி கூட ஏறல, வழியில ஒரு வாசல் நெழல்ல உக்காந்தவங்க நாங்க இறங்கி வார வரைக்கும் அங்கனயே இருந்து வாரவன் போறவன்ட்டயெல்லாம் ஊர் விசாரிச்சிட்டு இருந்தாங்க, கடைசியில எங்க எல்லாரையும் விட அவங்கதான் சந்தோசமா திரும்பி வந்தது.

ஆனா கீழ சமதளத்துலயே அரை நாளுக்கு இருக்கு. கல்யாண மகால், நெல்லுக் களஞ்சியம், குதிரை லாயம், குளங்க, வேங்கடரமணர் கோயில், சாதத்துல்லா கான் மசூதி. அப்பாவை இதுல விட்டுட்டு நீங்க மேல போங்க.

ரயில்னா நெல்லை எக்ஸ்பிரஸ், விழுப்புரத்துல விடியுறதுக்கு முன்னாடி இறக்கி விட்ருவான், அங்க இருந்து செஞ்சிக்கு பஸ் 40 கிலோமீட்டர் போல. கோட்டை திறந்த உடனே மலையில கால வச்சிரணும். மதியத்துக்கு மேல போனா ராஜகிரி ஏற விடுறது கஷ்டம், விட்டாலும் அந்தப் பாறைச் சூட்டுல நீங்களே வேண்டாம்னு திரும்பிருவீங்க.

29.12.2025, காலை

அமாவாசை அன்னைக்கி மட்டும் போயிராதீங்க. பக்கத்துல மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் இருக்கு, அந்தப் பக்கம் பஸ்ஸெல்லாம் நெரிசல்ல போவும்.

அப்புறம் கையில பிளாஸ்டிக் கவர் வச்சிக்கிட்டு நடக்காதீங்க. கவர்னா கொரங்குக்கு தீனின்னு அர்த்தம். முறுக்கு, அல்வா, எல்லாத்தையும் பேக்குக்குள்ள போட்டு ஜிப் போட்ருங்க. (அல்வா கொண்டு போவாம நம்ம ஆளு எங்க போவான்.)

29.12.2025, ராத்திரி

மச்சான் சொன்ன "இடிஞ்ச சுவர்" மனசுல ஓடிட்டே இருந்துச்சி, அதனால நீளமா எழுதுதேன்.

கோட்டைன்னா எல்லாரும் சுவரைத்தான் பாக்காங்க. செஞ்சியில சுவர் பெருசுதான், இல்லேங்கல. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலையையும் முக்கோணமா சேத்து வளைச்சிருக்காங்க, மொத்தம் 13 கிலோமீட்டர் நீளம்ங்காங்க, சில எடத்துல சுவர் அகலமே 60 அடி, வெளிய 80 அடி அகழி. படம் புடிக்க நல்லாருக்கும். ஆனா மேல ஏற ஏற எனக்கு வேற ஒண்ணுதான் கண்ணுல பட்டுச்சி. எங்க வீடு சேரன்மாதேவி பக்கம், கன்னடியன் கால்வாய் பாசனம், மடைத் தண்ணிக்கு அண்ணன் தம்பியே பேச்சு நிறுத்துன குடும்பம் எங்களது. அதனால எங்க போனாலும் தண்ணி எங்கன இருந்து வருது, எங்கன நிக்குது, நிறைஞ்சா எந்தப் பக்கம் மறுகால் போவுதுன்னுதான் புத்தி போகும்.

செஞ்சி மலையைப் பாத்தா களத்துல அம்பாரம் குவிச்ச மாதிரி உருண்டைப் பாறையா கெடக்கு. மண்ணு கம்மி. மழை பெஞ்சா நிக்காது, அப்படியே வழிஞ்சி ஓடிரும். அந்தப் பாறை மேல உக்காந்து ஒருத்தன் வருசக்கணக்குல முற்றுகையைத் தாங்கணும்னா மொத கேள்வி பீரங்கி எத்தனைன்னு இல்ல, குடிக்க என்ன வழின்னுதான். அதுக்கு அங்க பதில் இருக்கு. ராஜகிரி உச்சியிலேயே ரெண்டு நல்ல தண்ணி ஊத்து. அதுக்குக் கீழ மழைத் தண்ணியைப் புடிச்சி வைக்க மூணு தொட்டி. அடிவாரத்துல செட்டிக்குளம், சக்கரக்குளம். கல்யாண மகாலுக்கு, சுவருக்கு வெளிய அரை கிலோமீட்டர் தள்ளி இருந்த நீர்த்தேக்கத்துல இருந்து சுட்ட மண் குழாய் வழியா தண்ணி கொண்டாந்திருக்காங்க. அந்த மகால் பல அடுக்கு கோபுரக் கட்டடம், அதுல மேல் அடுக்கு வரைக்கும் தண்ணி ஏறிருக்கு. மோட்டார் கெடையாது, கரண்ட் கெடையாது, மேட்டுல தண்ணியை நிறுத்தி அந்த அழுத்தத்துலயே ஏத்துறதுதான். பக்கத்துலயே ஆனைக்குளம். மச்சான் இதையெல்லாம் தாண்டித்தான் மேல போயிருக்கணும், செல்ஃபி எடுக்கதுல கவனிச்சிருக்க மாட்டான், கோச்சுக்கிடாதீங்க.

அடுத்தது நெல்லு. களஞ்சியத்துக்குள்ள போயி நில்லுங்க, அந்தக் கனத்த சுவரையும் வளைஞ்ச கூரையையும் பாருங்க. கிருஷ்ணகிரியிலயும் களஞ்சியம் இருக்கு, எண்ணெய்க்கும் நெய்க்கும் தனித்தனியா தொட்டி கட்டிருக்காங்க, நெய்க்கெணறுன்னே பேரு. சுவர் கட்டுனவனை விட இதைக் கட்டுனவன்தான் புத்திசாலின்னு எனக்குத் தோணுச்சி.

நிஜத்துலயும் அது வேலை செஞ்சிருக்கு. சிவாஜி மவன் ராஜாராம் 1689 கடைசியில ரகசியமா இங்க வந்து சேந்தாரு, அவுரங்கசீப் அனுப்புன சுல்பிகார் கான் 1690ல வந்து மலையைச் சுத்துனவன் 1698 வரைக்கும் சுத்திட்டே கெடந்தான். எட்டு வருசம். நடுவுல 1692 கடைசியில மராத்திய குதிரைப்படை வெளிய இருந்து வந்து வளைச்சதுல முற்றுகை போட்டவனுக்கே தானியம் வராம, வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாப் போச்சி. உள்ள இருக்கவனைப் பட்டினி போட வந்தவன் பட்டினியில போன கதை இது. கடைசியில கோட்டையைப் புடிச்சப்போ ராஜாராம் உள்ள இல்ல, முன்னாடியே தப்பிச்சிட்டாரு.

30.12.2025

கீழ ஒரு தம்பி "சிவாஜி கட்டுன கோட்டைதான அது, அதனாலதான யுனெஸ்கோ குடுத்தான்"னு கேட்டிருக்காரு. இல்ல தம்பி. 2025 ஜூலை 11ந் தேதி பட்டியல்ல சேத்தது மராத்தியர் காலத்து ராணுவ நிலப்பரப்புங்கிற பேருல, மொத்தம் 12 கோட்டை, 11 மகாராஷ்டிரா, மிச்சம் ஒண்ணு செஞ்சி. சிவாஜி இதைப் புடிச்சது 1677ல, புடிச்சி பலப்படுத்துனாரு. அதுக்கு முன்னாடி பிஜாப்பூர்க்காரங்க, அதுக்கு முன்னாடி விஜயநகரத்து நாயக்கருங்க, அதுக்கும் முன்னாடி 1200 வாக்குல ஆனந்தக் கோன்னு ஒருத்தர் ராஜகிரியில மொதல்ல கட்டுனாருங்கிறது அந்த ஊர் வரலாறு. மாடு மேய்க்கிற குலத்துல வந்தவரு. எங்க ஊர் கோனாருங்க கிட்ட இதைச் சொன்னதுல இருந்து ஒருத்தரும் என்னைய நிம்மதியா டீ குடிக்க விடல.

யாரு கட்டுனாங்கிற பஞ்சாயத்தை விடுங்க. ஒருத்தன் கட்டுனதுல இன்னொருத்தன் உக்காந்து, இன்னும் கொஞ்சம் கட்டி, அதை இன்னொருத்தன் புடிச்சி, அப்படியே நானூறு ஐநூறு வருசம்.

30.12.2025, ராத்திரி

தேசிங்கு ராஜா எங்கவே காணோம்னு ஒரு அண்ணாச்சி கோவப்பட்டிருக்காங்க. வாரேன் அண்ணாச்சி.

நம்ம மனசுல தேசிங்குன்னா ஏதோ காலம் காலமா செஞ்சியை ஆண்ட மகாராஜா. பாராசாரி குதிரை, மோவுத்துக்காரன்ங்கிற சேக்காளி நட்புன்னு கதைப்பாட்டு கேட்டே வளந்தாச்சில்லா. நிசத்துல அவரு சரூப் சிங்னு புந்தேலா ராஜபுத்திரர் மவன், பேரு தேஜ் சிங். அப்பா செத்த பெறவு 1714ல பொறுப்புக்கு வந்து, கப்பம் கட்ட மாட்டேன்னு சொல்லி, ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கான் படையோட மோதி அதே வருசம் அக்டோபர்ல செத்துட்டாரு. ஆண்டது ஒரு வருசம் கூட முழுசா இல்ல. வயசு 22.

இதுல எனக்கு உறுத்துறது என்னன்னா, இவ்ளோ சுவரு, இவ்ளோ தண்ணி, இவ்ளோ நெல்லு வச்சிருந்த ஆளு உள்ள உக்காரல. வெளிய போயி வெட்டவெளியில சண்டை போட்டாரு. அவரு பக்கம் ஆளு ரொம்பக் கம்மி, இருந்தும் போனாரு. வீரம்னு பாட்டு கட்டலாம், கட்டுனாங்க. எங்க ஆச்சி கேட்டா "கோட்டிக்காரப் பய"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருப்பா. நான் ரெண்டுக்கும் நடுவுல நிக்கேன்.

செயிச்ச நவாபு பேருலதான் உள்ள மசூதி இருக்கு. அதே நவாபு தேசிங்கு மனைவி உடன்கட்டை ஏறுனதை மதிச்சி ஆற்காடு பக்கம் ஊரு உண்டாக்குனாருன்னு சொல்லுவாங்க, அதுதான் ராணிப்பேட்டை.

31.12.2025

தண்ணிதான் காப்பாத்துச்சின்னு அழுத்திச் சொல்லிட்டு படுத்தவனுக்கு தூக்கம் வரல. 1750ஐ என்ன பண்ணுறது?

அந்த வருசம் செப்டம்பர்ல புஸ்ஸின்னு பிரெஞ்சுத் தளபதி வந்தான். சாயந்தரம் வாசக்கதவை வெடி வச்சி ஒடைச்சி உள்ள போயி, தெருச் சண்டை போட்டு, ராத்திரியோட ராத்திரியா மூணு மலையிலயும் ஒரே நேரத்துல ஏறி, விடியும்போது கோட்டை அவன் கையில. எட்டு வருசம் தாங்குன அதே கோட்டை. அதே ஊத்து, அதே களஞ்சியம். உள்ள இருந்தவங்க அப்பத்தான் வெளிய தோத்து ஓடி வந்து ஒதுங்குன படை, நெஞ்சுல தைரியம் இல்லாத நேரம்.

ராஜகிரி உச்சிக்கு முன்னாடி ஒரு பாறைப் பிளவு வரும் பாருங்க, அகலம் 24 அடி, ஆழம் 60 அடின்னு எழுதி வச்சிருக்காங்க, இப்போ நடந்து போற பாலம் இருக்கு, அப்போ மரப்பாலம், வேணும்னா எடுத்துரலாம். எடுத்துட்டா மேல பத்து பேர் நின்னா போதும், கீழ ஆயிரம் பேர் நின்னாலும் ஒண்ணும் ஆவாது. ஆனா அந்தப் பத்து பேரு நிக்கணும்லா.

அதனால என் பேச்சைக் கொஞ்சம் திருத்திக்கிடுதேன். தண்ணியும் நெல்லும் முற்றுகைக்கு மருந்து, ராத்திரி ஏறி வாரவனுக்கு மருந்து இல்ல. அதோட சுல்பிகார் கான் எட்டு வருசமும் முழு மூச்சா சண்டை போட்டானான்னே அந்தக் காலத்துலயே சந்தேகம் இருந்திருக்கு, உள்ள இருக்கவங்களோட பேச்சுவார்த்தை நடத்திட்டு இழுத்தடிச்சான்னு. அப்போ எட்டு வருசத்துல எத்தனை வருசத்தை தண்ணி கணக்குல எழுத, எத்தனை வருசத்தை அவன் சோம்பல் கணக்குல எழுத? நான் இன்னும் தண்ணி கட்சிதான். ஆனா ஓட்டு வித்தியாசம் கொறஞ்சிட்டு.

இன்னொண்ணு. செயிச்ச பிரெஞ்சுக்காரனுக்கு அந்த எடம் ஒத்துக்கிடல. பத்து வருசத்துல அவங்க வெள்ளைக்காரச் சிப்பாயி 1,200 பேரு சண்டையில இல்ல, நோவுலயே செத்ததா பழைய பதிவுகள்ல வருது. பெறவு 1761ல பாண்டிச்சேரி விழுந்த கையோட இங்கிலீஷ்காரன் வாங்கிட்டான்.

02.01.2026

புது வருசம் எல்லாருக்கும். "நம்ம ஊர்ல இவ்ளோ மலை இருக்கே, ஏன் ஒரு மலைக்கோட்டை இல்ல"ன்னு வந்த கேள்விக்கு என் அபிப்பிராயம், அபிப்பிராயம் மட்டுந்தான்.

செஞ்சி மலைங்க சமதளத்துல தனியா நிக்குது, மேல நின்னா நாலா பக்கமும் வாரவன் தெரிவான். நம்ம பொதிகை அப்படி இல்ல. பாவநாசத்துல ஏறுனா மலைக்குப் பின்னால மலை, காடு, அதுக்கு அந்தப் பக்கம் கேரளா. அங்கன கோட்டை கட்டுனா யாரை யாரு காவல் காக்க? நம்ம பாளையக்காரங்க சண்டை வந்தா காட்டுக்குள்ள போனாங்க, கோட்டையைக் கீழ கட்டுனாங்க, மண்ணுல கட்டுனாங்க. நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பாஞ்சாலங்குறிச்சி எல்லாம் மண்கோட்டை.

மண்ணுன்னு எளப்பமா நெனைக்காதீங்க. கல்லுச் சுவர்ல குண்டு பட்டா தெறிக்கும், ஒடையும். மண்ணு குண்டை முழுங்கிரும். வாசுதேவநல்லூரை யூசுப் கான் (மருதநாயகம்னு சொல்லுதோம்லா, அவருதான்) 1760ல அடிச்சிப் பாத்து முடியாம, அடுத்த வருசந்தான் புடிச்சாரு. பாஞ்சாலங்குறிச்சி அதை விட. 1799ல கட்டபொம்மனைக் கயத்தாத்துல தூக்குல போட்டு முடிச்சாச்சி, கோட்டையையும் இடிச்சாச்சி. 1801 பிப்ரவரியில அவரு தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டை ஜெயில்ல இருந்து தப்பி வந்து சில நாள்லயே திரும்பக் கட்டி எழுப்பிட்டாரு. மண்ணுங்கதாலதான் அது முடிஞ்சிச்சி, கருங்கல்லுன்னா கொத்தனைத் தேடி அலையணும். மார்ச் கடைசியில கம்பெனிப் படை வந்து மோதிட்டு ஏகப்பட்ட பேரை இழந்து திரும்புச்சி, மே 24ந் தேதிதான் உள்ள போவ முடிஞ்சிச்சி.

அதுக்கப்புறம் தரைமட்டமாக்கி உழுது ஆமணக்கு வெதைச்சாங்கன்னு நம்ம பக்கம் சொல்லுவாங்க. இப்போ போனா 1974ல கட்டுன நினைவுக்கோட்டைதான் எடுப்பா நிக்கும், எல்லாரும் அதோட படம் எடுத்துட்டு பஸ் ஏறிருதாங்க. பழைய கோட்டையோட அடித்தளம் பக்கத்துல தொல்லியல் துறை வேலிக்குள்ள கெடக்கு. அதைப் பாக்காம வந்தவங்க பாஞ்சாலங்குறிச்சி பாத்தேன்னு சொல்லக் கூடாதுங்கிறது என் சட்டம்.

பாளையங்கோட்டையில கேள்வி கேட்டவருக்கு: உங்க ஊர் மேடை போலீஸ் ஸ்டேஷன் பழைய கோட்டைல மிஞ்சின துண்டுதான். தெனமும் அதைத் தாண்டி பைக்ல போயிருப்பீங்க, செஞ்சிக்கு டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஒரு நாள் வண்டியை ஓரமா நிறுத்திப் பாருங்க.

03.01.2026

"கிருஷ்ணாபுரம் கோயில் கட்டுனதும் செஞ்சி கிருஷ்ணப்ப நாயக்கர்தான்"னு ஒருத்தர் அடிச்சி விட்டிருக்காரு. அது வேற கிருஷ்ணப்பர் சார். நம்ம கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயிலு மதுரை நாயக்கர் வேலை. மதுரை, தஞ்சாவூர், செஞ்சின்னு மூணு நாயக்கர் ராச்சியம், மூணும் விஜயநகரத்துக்குக் கீழ இருந்தது. பேரு ஒண்ணுங்கதுக்காக சொத்தை மாத்தி எழுதிராதீங்க, நம்ம தாலுகா ஆபீஸ்ல அது போதுமான அளவு நடக்கு.

03.01.2026, கொஞ்சம் கழிச்சி

வழியில கமலக்கண்ணி அம்மன் கோயில் இருக்குங்கதை ஒருத்தர் ஞாபகப்படுத்துனாங்க, நன்றி மதினி. ராஜகிரி ஏறும்போது நடுவுல வரும். ராசா, நவாபு, வெள்ளைக்காரன் எல்லாரும் காலி பண்ணிட்டாங்க, அம்மாவுக்கு மட்டும் இன்னும் சித்திரையில கொடை நடக்கு. மேல ரங்கநாதர் கோயில் வெறுங்கூடாத்தான் இருக்கு.

05.01.2026

கையில இன்னும் ஒரு நாள் இருந்துச்சின்னா ரெண்டு எடம் சொல்லுதேன், ரெண்டுமே கிட்டத்துலதான்.

ஒண்ணு சிங்கவரம். பல்லவர் காலத்துக் குடைவரை, பாறையிலேயே பள்ளிகொண்ட பெருமாள். தேசிங்கு குடும்பத்துக்கு இஷ்ட தெய்வம், சண்டைக்குப் போவாதன்னு சாமி முகத்தைத் திருப்பிக்கிட்டாருன்னு கதை சொல்லுவாங்க. எங்க ஆச்சி கட்சியில சாமியும் இருக்கு.

ரெண்டு திருநாதர் குன்று. கழுகுமலையில சமணர் சிற்பம் பாத்துப் பழகுன நம்மாளுக்கு இது ரொம்பப் புடிக்கும். ஒரே பாறையில 24 தீர்த்தங்கரரும் ரெண்டு வரிசையா. அங்க ஒரு பழைய வட்டெழுத்துக் கல்வெட்டு, சந்திரநந்தி ஆசிரியர்னு ஒரு சமண முனிவர் 57 நாள் சாப்பிடாம நோன்பிருந்து உயிரை விட்ட எடம்னு சொல்லுது. கோட்டைக்குள்ள நெல்லு நெய்யெல்லாம் அளந்து பாத்து பெருமூச்சு விட்டுட்டு அங்க போயி நின்னேன், எனக்கு என்ன சொல்லன்னே தெரியல. மச்சானைக் கூட்டிட்டுப் போங்க, அங்க கொரங்கும் கம்மி.

06.01.2026

கடைசியா கேட்டது: திரும்புற வழியில பாண்டிச்சேரி போறோம், கோட்டை சம்பந்தமா அங்க எதாவது உண்டான்னு. உண்டு. பீச்சுல காந்தி சிலையைச் சுத்தி நிக்குது பாருங்க செதுக்குன ஒசந்த கருங்கல் தூணு, அதெல்லாம் செஞ்சியில இருந்து பிரெஞ்சுக்காரன் பேத்துட்டுப் போனதுன்னு சொல்லுதாங்க. அதனால மொதல்ல செஞ்சி, பெறவு பாண்டின்னு வச்சிக்கிடுங்க. வேங்கடரமணர் கோயில்ல மிச்சம் இருக்க தூணைப் படம் எடுத்து வச்சிக்கிட்டு பீச்சுல ஒப்பிட்டுப் பாக்கலாம். அப்பாவுக்கும் பாண்டி பீச்ல படி ஏறுற வேலை இல்ல. ரயில் டிக்கெட்டை மட்டும் இன்னைக்கே பாருங்க, பொங்கலுக்கு வெயிட்டிங் லிஸ்ட் எப்பவோ நூறைத் தாண்டிருக்கும், இல்லேன்னா விழுப்புரம் வரைக்கும் பஸ்தான் கதி.